பிரிந்து வரவேண்டிய கை

முன்னாள் மந்திரி உண்டு, முன்னாள் கணவன் உண்டு. முன்னாள் மாமியார் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? தையல் கடை வைத்திருந்த அந்த அம்மாளின் சங்கடமே அதுதான். மகனும் மருமகளும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்வதற்கு ஊரில் சொல் இருந்தது. நடுவில் நின்ற இவளுக்குத்தான் இல்லை. நல்ல சொல் ஒன்று கிடைக்கிற வரைக்கும் நாம் இவளை மாமியார் என்றும் அவளை மருமகள் என்றும் சொல்லிக்கொண்டிருப்போம். சட்டத்துக்கு இது தெரிய வேண்டாம்.

மகன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். மருமகள் கிடாரும் டிரம்ஸும் வைத்திருக்கிற ஒரு பாட்டுக் குழுவில் பாடகி. ஊரில் இருக்கிறவர்களின் எலும்பையெல்லாம் பார்த்துச் சொல்கிறவனுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் மனசு தெரியவில்லை என்று மாமியார் மகனைக் கரித்துக்கொட்டுவாள். உடனே, மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பாடுகிறவளுக்கு வீட்டில் வாய் திறந்தால் என்ன என்று மருமகளுக்கும் ஒரு கொட்டு வைப்பாள். இரண்டு பேரும் சண்டை போடவே இல்லை. போட்டிருந்தால் நடுவில் புகுந்து சமாதானம் செய்திருக்கலாம். பேச்சு குறைந்து குறைந்து, ஒரு நாள் வீட்டில் மிக்ஸி சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது.

மகனுக்கும் மருமகளுக்கும் பேச்சு குறைந்த அதே காலத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு பொங்கி வழிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கச்சேரி இல்லாத நாட்களில் மருமகள் கடைக்கு வந்து துணி வெட்டுகிற மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஊக்கு தைக்கிறேன் என்று வாங்கித் தாறுமாறாகத் தைப்பாள். அவள் போன பிறகு மாமியார் அதைப் பிரித்து மறுபடி தைப்பாள், ஆனால் சொல்ல மாட்டாள். மேடைக்கு அவள் போட்ட உடுப்பெல்லாம் இந்தக் கடையில் தைத்தவைதான். மாமியார் அளவு எடுக்க டேப்பைத் தொட்டதில்லை, கண்ணால் பார்த்தே வெட்டிவிடுவாள்.

கையெழுத்து ஆன பிறகு அவள் கடைப்பக்கமே வரவில்லை. மாதங்கள் போன பின், ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றாள்.

மாமியார் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. வா என்றாள். அவள் உள்ளே வந்து, ஒரு வேலை இருக்கு என்றாள். முன்பெல்லாம் தெருவிலிருந்தே 'அத்தை' என்று ஒரு குரல் வரும், ஆள் அதற்குப் பின்னால்தான் வரும். இன்றைக்கு ஆள் மட்டும் வந்திருந்தது. பேச்சு நீண்டது, ஆனால் எந்த வாக்கியத்திலும் அந்த ஒரு சொல் இல்லை. 'வந்து', 'இங்க பாருங்க', 'என்னன்னா' என்று கல்லுக்குக் கல் தாண்டி ஆற்றைக் கடக்கிறவள்போல அவள் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

அவள் போட்டிருந்த கோட்டின் கை ஓரத்தில் தையல் விட்டு உள்துணி தொங்கிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு விரல் பரபரத்தது. பழைய நாளாக இருந்தால் கேட்காமலே கோட்டை உருவியிருப்பாள். இப்போது எந்த உரிமையில் உருவுவது? பார்வையைத் துணியில் வைத்துக்கொண்டாள்.

வேலை இதுதான். குழுவின் புதுப் பாட்டுக்கு வீடியோ எடுக்கிறார்கள். பிரிவுப் பாட்டு. மருமகள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பாடுவாள், ஒரு ஆணும் பெண்ணும் நடுவில் ஆடுவார்கள். பெண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் முழுக்கை வைத்த நீள உடுப்பு வேண்டும். பாட்டு முடிகிற இடத்தில் அவள் கிளம்புவாள், அவன் அவள் சட்டைக் கையைப் பிடிப்பான், அவள் நிற்க மாட்டாள். கை தோளோடு பிரிந்து அவனிடம் தங்கிவிடும், அவள் போய்விடுவாள்.

“தோள்ல சுத்தமா பிரிஞ்சு வரணும். ஆனா அதுவரைக்கும் அசையக் கூடாது. நடுவுல தூக்கிச் சுத்துறதெல்லாம் இருக்கு,” என்றாள் மருமகள். “வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல.”

தையல் விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் மாமியார் இத்தனை காலமும் பார்த்திருக்கிறாள். விட்டுப்போகிற மாதிரி தைத்துக் கொடு என்று கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். செய்யலாம் என்றாள். மருமகள் போனை எடுத்து, பாட்டைக் கேக்குறீங்களா என்று கேட்டாள். துணி வெட்டும்போது பாட்டு கேட்டால் கோடு கோணிப்போகும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். அதே மேசையில் இவள் பாடக் கேட்டுக்கொண்டே எத்தனை துணி வெட்டியிருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும். மருமகள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாமியார் பாட்டைக் கேட்க மறுத்த காரணம் கடையிலேயே இருந்தது. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா ஒருத்தி அங்கே வேலை பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கும்போதுகூட வாய் ஓயாதவள். அந்தப் பாட்டை ஏற்கெனவே மேடையில் பாடியாயிற்றாம், கேட்டவர்கள் அழுதார்களாம், வீடு, புருஷன், சமையல்கட்டு எல்லாம் வருகிறதாம். அக்கா முழுதாகக் கேட்கவில்லை, கேட்டவர்களைக் கேட்டிருந்தாள். “உங்க வீட்டைத்தான் சந்திக்கு இழுத்திருப்பா, வேற எந்த வீட்டைப் பாடுவா?” என்று முடித்தாள்.

மாமியாருக்கு அன்றிலிருந்து நெஞ்சில் முள். மகனைத் திட்டியிருந்தால் அவளை மன்னிக்க முடியாது. தன்னைத் திட்டியிருந்தால் தாங்கவே முடியாது. பாட்டு காதில் விழாமல் இருக்கிற வரைக்கும் அவள் மருமகளாகவே இருப்பாள். அதனால் பாட்டு காதில் விழக் கூடாது.

தைக்க உட்கார்ந்த அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். தோளில் கை வைக்கிற இடத்துக்கு, இயந்திரத்தில் உள்ளதிலேயே நீளமான தையலாகத் திருகி வைத்தாள். தைத்தாள். மடித்து எடுத்து வைத்தாள். எப்போதும் முடித்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், அன்றைக்குப் பார்க்கவில்லை.

ஷூட்டிங்குக்கு அவளும் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் பிரிந்த கையைத் திரும்பத் தைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே. பையை வண்டி வரைக்கும் மகன்தான் தூக்கி வந்தான்.

“நீ அந்தப் பாட்டைக் கேட்டியாடா?”

“கேட்டேன்மா.”

“எப்படி இருக்கு?”

“அவ நல்லா பாடுவா,” என்றான். பிடரியைச் சொறிந்துகொண்டான். பிறகு வண்டிக் கதவைச் சாத்தினான். இவனிடம் இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க இவன் எடுக்கிற எக்ஸ்ரேவாலும் ஆகாது என்று மாமியார் நினைத்துக்கொண்டாள்.

சாமான்கள் காலி செய்த ஒரு பெரிய கிடங்கில் படம் எடுத்தார்கள். உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள், அவற்றிலிருந்து சாய்வாக விழுகிற வெயில். அந்த வெயிலுக்காகத்தான் அந்த இடம். தொப்பி போட்ட இயக்குநர் நேரத்துக்கொரு தரம் ஜன்னலையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தரையை விட்டு ஏறிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, நாளைக்குக் கிடங்கு வேறு யாருக்கோ. ஆடுகிறவன் கதவு உயரத்துக்கு இருந்தான், எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆடுகிற பெண் அவன் தோளுக்கு வந்தாள், ஆனால் கால் தரையில் பட்டால்தானே அளக்க.

மாமியார் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு, ஊசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். பிறகு, சட்டைத் தோளுக்கு வைத்துத் தைக்கிற பஞ்சில் கொஞ்சம் பிய்த்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள். முந்தானையால் தலையைச் சுற்றி மூடிக்கொண்டாள். யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு எண்ணம்.

இப்படியாகப் பாட்டில்லாமல் ஆட்டம் மட்டும் பார்த்தாள். டிரம்ஸின் அதிர்வு முக்காலி வழியாக வந்தது, வேறொன்றும் வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு போர்வையை மடிக்கிறபோது கிட்டே வருவதும் விலகுவதுமாக இருப்பார்களே, அப்படித்தான் ஆடினார்கள். கையில் போர்வைதான் இல்லை. அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான், அவள் அவன் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் பேச வாயெடுத்தாள், அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். ஒரு இடத்தில் நெட்டை, அவள் எதிரில் நின்று பிடரியைச் சொறிந்தான்.

மாமியாருக்குச் சுரீர் என்றது. அது அவள் மகன். பத்து வயசிலிருந்து பதில் தெரியாதபோதெல்லாம் அவன் செய்கிற காரியம். மருமகள் சொல்லிக் கொடுக்காமல் இவனுக்கு எப்படித் தெரியும்? ஆட்டத்திலேயே இவ்வளவு வைத்திருக்கிறாள் என்றால் பாட்டில் என்னென்ன வைத்திருக்கிறாளோ என்று பஞ்சை இன்னும் உள்ளே அழுத்தினாள்.

கடைசிக் கட்டம் வந்தது. பெண் கிளம்பினாள். நெட்டை அவள் சட்டைக் கையைப் பிடித்தான். அவள் முன்னால் பாய்ந்தாள். கை பிரியவில்லை. பாய்ந்த வேகத்தில் அவள் பின்னோக்கிச் சுண்டப்பட்டு நேராக அவன் மார்பில் போய் விழ, கீழே விழாமல் இருக்க அவன் கட்டிக்கொண்டான். கேமராக்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இதையே வைத்துக்கொண்டு கல்யாணப் பாட்டு ஒன்று எழுதிவிடலாமா என்று தொப்பிக்காரர் கேட்டார்.

இரண்டாம் தடவை நெட்டை பலமாக இழுத்தான். கழுத்து கோணியது, கை அசையவில்லை. மூன்றாம் தடவை அவள் நடக்க நடக்க அவனும் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போனான், கடைக்கு வர மாட்டேன் என்கிற குழந்தையை இழுத்துப் போகிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தொப்பிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். கையை விட்டுவிடுவோம், அவள் சும்மா நடந்து போகட்டும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்றார். நன்றாக இருக்காது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மருமகள் நாற்காலியை விட்டு எழுந்து மாமியாரிடம் வந்தாள். ஏதோ கேட்டாள். மாமியார் தலையை மட்டும் ஆட்டினாள். மறுபடி கேட்டாள், மறுபடி ஆட்டினாள். மருமகள் குனிந்து, முந்தானையை விலக்கி, ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“சத்தம் ஒத்துக்கல,” என்றாள் மாமியார்.

மருமகளின் முகம் சின்னதாகிப் போயிற்று. “கேக்க வேணாம்னா பரவால்ல. கை மட்டும் பிரிஞ்சா போதும்,” என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பஞ்சு அவள் கையிலேயே இருந்தது.

மாமியார் உடுப்பை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். தையல் என்னவோ நீளமான தையல்தான். ஆனால் தொடங்கிய இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டி நூலைப் பூட்டியிருந்தது. முடிந்த இடத்திலும் பூட்டு. போதாததற்கு, ஆடுகிறவர்களுக்கு அக்குளில்தான் முதலில் கிழியும் என்று அங்கே ஒரு துண்டுத் துணியை உள்ளே கொடுத்து இரட்டைத் தையல். யானை கட்டி இழுத்தாலும் வராது. கை தன் பழக்கத்தில் செய்துவிட்டது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கைக்கு மட்டும்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது என்றால் அதை நானும் நம்ப மாட்டேன், நீங்களும் நம்ப வேண்டாம். அவளே நம்பவில்லை.

மற்றொரு காதிலிருந்த பஞ்சை அவளே எடுத்துப் போட்டாள். ஊசி முனையால் பூட்டை நெம்பத் தொடங்கினாள்.

ஆடுகிறவர்களின் உடம்பு சூடு ஆறிவிடாமல் இருக்கப் பாட்டை முதலிலிருந்து போட்டார்கள். ஒற்றை விரலால் தட்டினாற்போல் கீபோர்டு, அதன்மேல் அந்தக் குரல். மேசைமேல் உட்கார்ந்து முனகுகிற அதே குரல். மாமியார் தலை நிமிரவில்லை. முதல் வரியில் வீடு வந்தது. இரண்டாம் வரியில் வெந்து தணிந்த சோறும் மூடி வைத்த தட்டும் வந்தன. இதோ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நூலைப் பிரித்தாள். டிரம்ஸ் சேர்ந்தது, கிடார் மேலே ஏறியது, குரல் அதற்கும் மேலே ஏறித் திறந்துகொண்டது.

*நீ உள்ளேயிருந்து தள்ளினாய்,*
*நான் வெளியேயிருந்து தள்ளினேன்,*
*கதவு பாவம், என்ன செய்யும்?*

அவ்வளவுதான். மறுபடி மறுபடி அதுவேதான். யாரையும் திட்டவில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றால் கதவைக்கூடச் சொல்லவில்லை, அதையும் பாவம் என்றுதான் சொன்னாள். மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி ஊசி இரண்டாகத் தெரிந்தது. என் பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லையே இவள் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் கேட்டாள். பாட்டு முடிந்தது.

முடிந்ததும் அவளுக்கு வேறு ஒன்று தட்டியது. வீடு வந்தது, தட்டு வந்தது, மாடிப்படியில் எரியாத பல்பு வந்தது, நீர் ஒழுகுகிற குழாய்கூட வந்தது. அவள் வரவில்லை. ஒரு தையல் இயந்திரம் இல்லை, ஒரு மேசை இல்லை, மருமகள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி இல்லை. இத்தனை நாள் எங்கே பாட்டில் வந்துவிடுவோமோ என்று பயந்து செத்தவளுக்கு, வராமல் போனது சுருக்கென்று குத்தியது. ஒழுகுகிற குழாய்க்கு இருக்கிற மதிப்பு நமக்கு இல்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டாள். மனுஷ மனசு இருக்கிறதே.

இருந்தாலும் வேலை வேலைதான். அக்குள் துண்டைப் பிய்த்து எறிந்தாள். ஒற்றை நூல் எடுத்துக் கையாலேயே தைத்தாள், ஆட்டத்தின் இழுப்பைத் தாங்குகிற அளவுக்கு மட்டும். முடிக்கிற இடம் வந்தது. முடிச்சுப் போடக் கை தானாகச் சுற்றியது. அவள் நிறுத்தினாள். முடிச்சில்லாமல் ஒரு துணியை அவள் கொடுத்ததே இல்லை. இது பிரிந்தால்தான் அந்தப் பெண் போக முடியும் என்று மருமகள் சொன்னாளே. சரி, போகட்டும். நூலை முடிச்சுப் போடாமல் வெட்டினாள்.

வெயில் தரையின் விளிம்பில் நிற்கும்போது எடுத்தார்கள். போர்வை மடிக்கிற ஆட்டம், தூக்கிச் சுற்றுகிற இடம், செருப்பு வார், பிடரி. கை அசையாமல் இருந்தது. பெண் கிளம்பினாள். நெட்டை பிடித்தான். டிரம்ஸ் நின்ற அந்தக் கணத்தில் தோளிலிருந்து கை சத்தமே இல்லாமல் பிரிந்து, அவள் தோள் வெளியே தெரிய, அவள் நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். நெட்டை கையில் அந்தக் காலிக் கை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். நாற்காலியில் மருமகள் கடைசி வரியைப் பாடவில்லை, சும்மா சொன்னாள்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். இன்னொன்று எடுத்துவிடலாம் என்றார். மாமியார் தைத்துக் கொடுத்தாள். பக்கத்திலிருந்து ஒன்று என்றார், அதற்கும் தைத்துக் கொடுத்தாள். வெயில் போகிற வரைக்கும் தைக்கிறதும் பிரிகிறதுமாக இருந்தது. ஒன்றிலும் அவள் முடிச்சுப் போடவில்லை.

விளக்குகளைக் கழற்றத் தொடங்கியபோது மருமகள் அன்றைய அதே கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்து ஒன்றை நீட்டினாள். தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் ஊதிக் குடித்தார்கள். மாமியார் ஊசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் குத்தி வைத்தாள்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு,” என்றாள், டப்பாவைப் பார்த்தபடி. “எல்லாம் வருது. கதவு வருது. குழாய்கூட வருது.”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான்தான் வரல,” என்றாள் மாமியார். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வயசுக்கேற்ற பேச்சா இது?

மருமகள் டம்ளரைக் கீழே வைத்தாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

“அது நான் விட்டுட்டு வந்தவங்களப் பத்தின பாட்டு, அத்தை,” என்றாள். “உங்களுக்கு அதுல என்ன வேலை?”

மாமியார் ஊசியைக் குத்தினாள், டப்பாவில் அல்ல, தன் விரலில். வாயில் வைத்துச் சப்பிக்கொண்டாள்.

“அன்னைக்குக் கடைக்கு வந்தப்ப, கூப்பிடலாமா கூடாதான்னு தெரியல,” என்றாள் மருமகள். “அதான் மொட்டையா பேசிட்டுப் போனேன். தெருமுனை போற வரைக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு.”

மாமியாருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. டப்பாவை மூடப்போனவள் மறுபடி திறந்தாள். கறுப்பு நூலைத் தேடி எடுத்து, பல்லால் கடித்து, ஊசியில் கோத்தாள்.

“கோட்டைக் கழட்டு,” என்றாள். “கை ஓரம் தொங்குது. அன்னைக்கே பாத்தேன்.”

மருமகள் கழற்றிக் கொடுத்துவிட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் நகர்ந்து, அவள் முழங்காலில் தலை சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். நெட்டை அந்தப் பக்கம் வந்து, கோட்டையும் பிரியிற மாதிரிதான் தைக்கிறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனான். மாமியார் உள்துணியை மடித்து, நெருக்கி நெருக்கித் தைத்து, முடிக்கிற இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டி, முடிச்சுப் போட்டாள். பிறகு அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.